மாப்பிள்ளைக் காருக்கு அகன்ற டயர்

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, கனடாவுக்கு வந்து மோர்னிங்சைட்டில் இருந்தபோது நடந்தது இது. என் தங்கையின் மகன் சுதன், இருவர் மட்டும் இருக்கக்கூடிய தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரில்தான் கல்யாண மண்டபத்துக்குப் போவேன் என்று பிடிவாதமாக நின்றான். பனிக்கால டயரைக் கழற்றிவிட்டுக் கோடை டயர் வாங்கிப் போடும் வேலையை என்னிடம் விட்டு, "மாமா, பழைய அளவிலேயே போடுங்கோ" என்றான். ஊரில் பௌதிகம் படிப்பித்தவன் நான். அகன்ற டயர் வீதியை நன்றாகப் பிடிக்கும் என்று இரண்டு அளவு பெரிதாகப் போட்டுவிட்டேன். நேர் வீதியில் தனியே ஓட்டிப் பார்த்துத் திருப்தியும் பட்டேன்.

கல்யாணத்தன்று சுதனும் நானும் ஏறியதும் கார் பாரத்தில் பதிந்தது. முதல் திருப்பத்திலேயே டயர் மட்காட்டில் உரசி அலறியது.

"என்ன மாமா மணக்குது?"

"ஆரோ பாபிகியூவில இறைச்சி சுடுகினம்."

அடுத்த திருப்பத்தில் டயர் வெடித்தது. முகூர்த்தத்துக்கு அரை மணி நேரமே இருந்தது. சுதன் தலைப்பாகையோடு இறங்கி ஓடி, வந்த பஸ்ஸை மறித்து ஏறினான். நானும் பின்னால் ஏறினேன்.

"மாமா, ஒண்டும் கதையாதேங்கோ."

பஸ்ஸே கைதட்டி வாழ்த்தியது. நல்ல காலம், தாலி நேரத்துக்கு ஏறியது.

இப்போது கார்க் கதவோரம் எழுதியிருக்கும் அளவையே வாங்குகிறேன். டயரைப் பூட்டியதும் பக்கத்தில் ஒருவரை இருத்தி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்க்கிறேன். அப்படி வந்து இருக்கச் சுதன் மட்டும் இன்றுவரை சம்மதிக்கவில்லை.