வெடிக்காத தெரு

எங்கள் தெருவில் முதல் வீடு என்னுடையது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நாங்கள் வந்தபோது வெறும் கரிசலும் கருவேலமும்தான். முள்கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து ரூம்கள். நானும் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தோம். நடக்கிற தூரம் என்று குடிசை போட்டோம்.

பிறகு ஏழாயிரம்பண்ணைப் பக்கமிருந்து ஒவ்வொரு குடும்பமாக வந்தது. வந்தவர்களிடமெல்லாம் ஒன்றுதான் சொன்னேன்: இங்கே வேட்டுப் போடக் கூடாது. ஒரு பொறி வேலி தாண்டினால் தெருவே இருக்காது. தீபாவளிக்குக்கூடப் பிள்ளைகளைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போய்த்தான் வெடிப்போம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தெரு மளமளவென்று வளர்ந்தது. காடெல்லாம் கல் ஊன்றி பிளாட் போட்டார்கள். குழாய் வந்தது, மினிபஸ் வந்தது. எதிரே மாடி வீடு கட்டிய அச்சாபீஸ்காரர், பால் காய்ச்சிய அன்று வாசலில் பட்டாசுச் சரத்தை விரித்தார். நான் போய் அவர் கையிலிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கி மண்ணில் குத்தினேன்.

"என்ன அத்தே, பட்டாசு செய்யிறவுக தெருவுல பட்டாசு வெடிக்கக் கூடாதாக்கும்?"

"செய்யிறதாலதாம்ப்பா சொல்லுறேன்."

சொந்தக்காரர்கள் முன்னால் அவர் முகம் கறுத்துவிட்டது.

அடுத்த வருஷம் தீபாவளி சீசனில் என் வீட்டுக்காரர் இறந்தார். மருந்து ரூமெல்லாம் நிறைந்து கிடந்த நேரம். எங்களில் வேட்டு இல்லாமல் பிணம் தூக்க மாட்டார்கள். தாயில்பட்டியிலிருந்து கொழுந்தன் பெரிய சரமாகச் சுமந்து வந்தார்.

"இங்கன வேண்டாம் தம்பி. கண்மாய் தாண்டிப் போட்டுக்கிடுங்க."

"என்ன மதினி பேசுறீக? ஆயுசு பூரா வேட்டுக் கட்டுன மனுசன். நாதியத்தவன் மாதிரி வாசல விட்டுத் தூக்கச் சொல்லுறீகளா?"

எதிர் மாடியில் அச்சாபீஸ்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். இன்று நான் இறங்கிக்கொடுத்தால் நாளையிலிருந்து யார் என் பேச்சைக் கேட்பார்? வேண்டாமென்றால் வேண்டாம்தான் என்றேன்.

வெறும் கொட்டுச் சத்தத்தோடு தூக்கிப் போனார்கள். கண்மாய் தாண்டி வெடித்தார்களாம். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. வீட்டில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்கவில்லை. காரியம் முடிந்து போன கொழுந்தன், அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

சில வருஷம் கழித்து, வீடுகள் வேலிவரை நெருங்கிவிட்டன என்று கம்பெனிக்காரர்களே ரூம்களை இடித்துவிட்டு வேறு காட்டுக்குப் போனார்கள். அந்தத் தீபாவளிக்கு அச்சாபீஸ்காரர் என் வாசலில் வந்து நின்றார்.

"அத்தே, இப்பவாச்சும் வெடிக்கலாமா?"

"என்கிட்ட என்ன கேள்வி? ரூம்தான் போயிருச்சே."

தெரு முழுக்க வெடித்தது. அண்ணனைத் தூக்கிய அன்றைக்கு அந்த ஒரு சரத்தைப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று கொழுந்தன் இன்னமும் சொல்லித் திரிகிறாராம். ஆகியிருக்குமோ, ஆகியிருக்காதோ, யார் கண்டது? தெரு இருக்கிறது.

காலையில் வாசலில் கணுக்கால் அளவுக்கு வெடித்த பட்டாசுத் தாள் கிடந்தது. மருமகள் விளக்குமாற்றோடு வந்தாள். அவளை விடவில்லை. நானே கூட்டினேன்.