நைனா சுரண்டிய பச்சைப் பெயின்ட்

அன்று எங்கள் உத்திரமேரூர் வீட்டில் குழம்பு வாசனையைக்கூடப் பச்சைப் பெயின்ட் வாடை அமுக்கிவிட்டிருந்தது. வாடகைக்கு ஓட்டிவந்த பழைய காருக்கு என் அப்பா, எங்களுக்கு 'நைனா', முன்விளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டுத் தம் கையாலேயே பெயின்ட் அடித்து, காய்ந்ததும் மறுபடி மாட்டியிருந்தார். சரோஜா அக்காவுக்குத் திருச்சியில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது, "போறதுன்னா போவட்டும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் அவர்.

இரவு ரயிலைச் செங்கற்பட்டில் பிடிக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டு விளக்கைப் போட்டால், இரண்டும் எரியவில்லை! ஏரிக்கரை வளைவுகளிலும், லாந்தர்கூட இல்லாமல் வரும் மாட்டுவண்டிகளுக்கு நடுவிலும், வெளிச்சமில்லாமல் எப்படிப் போவது?

"கெளம்பும்போதே கண்ணு அவிஞ்சு போச்சே! சாமியே வாணாம்னு சொல்லுது" என்றாள் அம்மா.

"நாளைக்குக் காலைல போய் நிக்கலன்னா என் எடம் வேற ஒருத்திக்குப் பூடும்மா" என்ற அக்கா, காரில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். நொடிக்கொரு தரம், "மணி இன்னா, பாத்துக்கினு வாடி" என்று என்னை விரட்டினாள். உள்ளே ஓடிக் கடிகாரத்தைப் பார்ப்பேன், வெளியே ஓடிவந்து சொல்வேன். அவள் போகக் கூடாது என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் ஒவ்வொரு தடவை மணி சொல்லும்போதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து, 'எரிஞ்சு தொலையேன், சனியனே' என்று அந்த விளக்கைத்தான் திட்டினேன்.

நைனா பல்பைக் கழற்றி நேரே பேட்டரியில் வைத்துப் பார்த்தார், பளிச்சென்று எரிந்தது. பியூசும் நன்றாக இருந்தது. விளக்குக்கு வரும் ஒயரின் நுனியை என்ஜினில் உரசினால் பொறி பறந்தது. "கரண்டு வருது, எரிய மாட்டேங்குது. இன்னா பேஜாரு இது!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் இரும்பிலும் மறு முனையை என்ஜினிலும் பிடித்தார். எதிர்ச்சுவர் முழுக்க வெளிச்சம்.

நைனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நாந்தாம்மா கெடுத்தேன். வந்த கரண்டு வண்டி இரும்பு வழியாத்தான் திரும்பிப் போவணும். விளக்கு உக்கார்ற எடத்துலயும் பெயின்ட்ட அப்பி, போற வழிய அடைச்சிட்டேன். எம் பொண்ணு போற வண்டி, அழகா இருக்கணும்னு..." அக்கா அப்போதுதான் அழுதாள்.

சாமி வாணாம் என்று சொன்ன அம்மாதான் அடுப்பங்கரைக்கு ஓடிக் கத்தியை எடுத்துவந்தாள். "குந்திக்கினு கீறியே! சுரண்டுய்யா, ரயிலு பூடப் போவுது!"

ஆசையாய் அடித்த பெயின்ட்டை, இரும்பு பளபளக்கும் வரை நைனா சுரண்டினார். ரயில் கிடைத்தது.

அதன்பின் அந்தக் காருக்கு எத்தனையோ தடவை பெயின்ட் அடித்தாலும், விளக்கடியில் அந்த இடத்தை மட்டும் அவர் தொடவேயில்லை. விடுமுறைக்கு வரும் அக்கா முதலில் அங்கேதான் குனிந்து பார்ப்பாள். கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நைனாவும் இல்லை, அம்மாவும் இல்லை, போன வருஷத்திலிருந்து அக்காவும் இல்லை. நேற்று எதிர்வீட்டுக் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். வாடை வந்ததும் எழுந்து, உள்ளே ஓடிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தேன். மணி கேட்கத்தான் அங்கே யாருமில்லை.