மில்காரன் பொம்மையின் உள்ளே

பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மணி மூன்று நாற்பது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துத்தான் சொல்கிறேன்... சிலதை எழுதக் கை வரவில்லை.

என் பெயர் இல்சே. சொந்த நாடு லாட்வியா. இருபத்திரண்டு வயதில், ஒரு வருடம் தொண்டு செய்கிறேன் என்று கிளம்பி, ஸ்பெயினின் வடக்கே அல்காரேன் என்ற சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். இளைஞர் மன்றத்தில் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுப்பது, கோடை முகாமில் நாற்காலி அடுக்குவது, இதுதான் வேலை. வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. பதினோரு வருடம் ஓடிவிட்டது.

முதல் நாள் பேருந்து நிறுத்தத்தில் என் பெட்டியைத் தூக்கியவள் இதோயா. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அரைகுறை மொழியோடு நான் திண்டாடியபோது, ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் என்னைக் கட்டி மேய்த்தவள். அந்த ஊரில் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆகஸ்டு பிறந்தால் ஊருக்கே பித்துப் பிடிக்கும். எல்லாருக்கும் வெள்ளை உடை, கழுத்தில் சிவப்புத் துணி, கையில் கோலா கலந்த வைன். பதினாறாம் தேதி சான் ரோக்கே என்ற புனிதரின் திருவிழா. மாலை ஏழு மணிக்கு நான்கு ராட்சதப் பொம்மைகள் தெருவில் ஆடி வரும். ராஜா, ராணி, ரொட்டிக்காரி, மில்காரன். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். பாவாடைத் துணிக்குள் நான்கு மரக்கால் வைத்த சட்டம். உள்ளே ஒருவர் நுழைந்து, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டத்தோடு தூக்கி ஆட வேண்டும். ஐம்பது கிலோ. வெளியிலிருந்து பார்த்தால் ஆடுபவரின் பாதங்கள் மட்டும் தெரியும்.

கால் மணிக்கு ஒரு தரம் ஆள் மாற்றுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. மாற்ற வந்தவர் மரக்காலில் இரண்டு தட்டு தட்டுவார். 'வந்துட்டேன்' என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் ஒரு தட்டு தட்டுவார். 'வா, தோளைக் கொடு' என்று அர்த்தம். அது கேட்டதும் உள்ளே போய்விட வேண்டும்.

"தட்டினா போகணும். போகலைன்னா தட்டக் கூடாது. புரிஞ்சுதா, லாட்வியாக்காரி?" என்றார் குழுத் தலைவர் பாத்சி. எதற்கெடுத்தாலும் கேலி பேசும் மனிதர் அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பொம்மை தூக்கும் குழுவில் சேர்ந்த முதல் வெளிநாட்டுக்காரி என்ற மிதப்பு எனக்கு. அந்த மிதப்புதான் என்னைக் கெடுத்தது.

நான் வந்து ஒரு வருடம் முடிந்த அந்த ஆகஸ்டில் மில்காரனுக்குள் முதலில் இதோயா. வழியில் உள்ள நீரூற்றுக்குப் பொம்மை வந்ததும் நான் மாற்ற வேண்டும்.

பதினாறாம் தேதி மதியம். மில்காரனின் பாவாடை ஓரம் கிழிந்திருந்தது. தைத்து வைக்கச் சொல்லி பாத்சி சாவியைக் கொடுத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஊரே கதவை அடைத்துத் தூங்கும். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கோயில் பக்கத்துக் கிடங்கைத் திறந்தேன். நான்கு பொம்மைகளும் சுவரோரம் நின்றன. மற்ற மூன்றின் துணியில் தூசி. மில்காரன் துணியில் மட்டும்... இடுப்புக்குக் கீழே ஈரம்.

கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்தேன். ஜூன் மாதத்திலிருந்து மழையே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

தைத்து முடித்தேன். கோயில் மணிக்கூண்டைப் பார்த்தேன். மூன்று நாற்பது. கிளம்பும்போது சும்மா, விளையாட்டாக, தூங்குகிறவனை எழுப்புவது போல மரக்காலில் தட்டினேன்.

டக்... டக்.

உள்ளிருந்து பதில் வந்தது.

டக்.

இதோயாவின் குறும்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ஏய், வெளிய வாடி!"

சத்தம் இல்லை. துணியைத் தூக்கினேன்.

உள்ளே யாரும் இல்லை. தோள் வார் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தொட்டேன். வியர்வையில் ஊறிக் கிடந்தது. சூடாக இருந்தது.

ஊசி, நூல், பை எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன்.

ஐந்து மணிக்கு சாரோவின் மதுக்கடையில் விஷயத்தைச் சொன்னேன். கடையே விழுந்து விழுந்து சிரித்தது.

"மில்காரன் உன்னக் கட்டிக்கப் பாக்கறாண்டி!" என்றாள் இதோயா.

"இன்னிக்கு நீ உள்ளே போகாதே இதோயா. கெஞ்சிக் கேக்கறேன்."

"போடி பைத்தியம். வெயில்ல மூளை உருகிடுச்சு உனக்கு."

சாரோ மட்டும் சிரிக்கவில்லை. அறுபது வயதுக்காரி, எதற்கும் அசராதவள். கோப்பை துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"பதில் வந்தப்புறம் நீ உள்ளே போனியா?"

"இல்ல."

"போகலையா..."

கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஏழு மணி. வேட்டு வெடித்தது. குழலும் மத்தளமும் தொடங்கின. மில்காரன் ஆடி வந்தான். கீழே இதோயாவின் சிவப்புக் காலணிகள். எனக்கு உயிர் வந்தது.

ஏழே கால். நீரூற்று. மில்காரன் நின்றான். நான் போய்த் தட்டினேன்.

டக். டக்.

பதில் உடனே வந்தது.

டக்.

குனிந்தேன். சிவப்புக் காலணிகள் இரண்டு. அவற்றுக்குப் பின்னால்... கயிற்று அடி வைத்த பழைய துணிச் செருப்புகள் இரண்டு. கணுக்கால் காய்ந்து கறுத்திருந்தது.

நான்கு கால்கள்.

"போ உள்ளே! எதுக்கு நிக்கற?" பாத்சி கத்தினார்.

"கால்... நாலு கால்..."

அவர் குனிந்து பார்த்தார். "ரெண்டுதான இருக்கு? வெயிலடிச்சிடுச்சா உனக்கு? போ!"

என்னால் முடியவில்லை. ஒரு வருடமாகக் கற்ற மொழி முழுக்க மறந்துபோனது. லாட்வியனில் கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

மில்காரன் நகர்ந்துவிட்டான்.

துணியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேர் என்னைத் தூக்கி நடைபாதையில் விட்டார்கள். மறுபடி ஓடினேன். கூட்டம் விடவில்லை.

"மாத்துங்க... யாராவது மாத்துங்க!"

குழல் சத்தத்தில் எனக்கே அது கேட்கவில்லை.

மில்காரன் ஆடினான். அந்த ஊர் அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. சுற்றிச் சுற்றி... நிற்காமல்... சுற்றிச் சுற்றி... மாற்ற ஓடிய வேறு ஆளாலும் கிட்டே நெருங்க முடியவில்லை.

சிவப்புக் காலணிகள் தரையில் உராய்ந்தன.

பின்னால் இருந்த கால்கள் மட்டும் ஆடின.

எட்டு பன்னிரண்டு. சதுக்கத்தில் மில்காரன் நின்றான்.

ஒரு பக்கம் சாய்ந்தான்.

துணியைக் கிழித்துத்தான் இதோயாவை எடுத்தார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. நினைவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் கண் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உள்ளே வந்தியே, ஏண்டி பாரத்த வாங்கிக்கல?"

"நான்... உள்ளே வரவே இல்ல, இதோயா."

"பொய் சொல்லாத. என் முதுகுல ஒட்டிக்கிட்டு நின்ன. மூச்சு பட்டுது. 'எடுத்துக்கோ, எடுத்துக்கோ'ன்னு எத்தன தடவ கெஞ்சினேன்! நீ தொண்டை கட்டின குரல்ல ஒரே பேச்சு... 'எனக்கு மாத்த ஆள் வரட்டும், எனக்கு மாத்த ஆள் வரட்டும்'..."

அன்று மாலை சாரோ கடையை மூடிவிட்டு என்னை உட்கார வைத்தாள். தணிந்த குரலில் சொன்னாள்.

"அப்பல்லாம் ஊர்வலம் நடுப்பகல்ல. எண்பத்தாறுல மில்காரனுக்குள்ள காஸ்தோ. ரொட்டிக் கடைப் பையன், பத்தொன்பது வயசு. சதுக்கத்துல யாரோ ரெண்டு தட்டு தட்டியிருக்காங்க. அவன் பதில் தட்டினது குழல்காரருக்கே கேட்டிருக்கு. தட்டினவங்க உள்ளே போகல. விளையாட்டுக்குத் தட்டிட்டு ஓடிட்டாங்க. ஆள் மாத்தியாச்சு, வந்தவனும் பொம்மைய நிறுத்திட்டு வெளிய போயிட்டான்னு நெனச்சு எல்லாரும் சாப்பிடப் போயிட்டோம். பொம்மை தன் கால்லயே வெயில்ல நின்னுச்சு. வார்ல சிக்கினவன் உள்ளயே..."

ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, "கிடங்குக்கு எடுத்துட்டுப் போக வந்தப்பதான் பாத்தோம். அப்ப மணி மூணு நாப்பது," என்றாள்.

"ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"

"தட்டினது யாருன்னு இன்னிவரைக்கும் ஒருத்தரும் ஒத்துக்கலம்மா. அதனால அந்தப் பேச்சையே இந்த ஊர் எடுக்கறதில்ல." சொல்லும்போது சாரோவின் வலது கை மேசையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

இதோயா என்னோடு பிறகு பேசவே இல்லை. மருந்துக்கடைக்குப் போனால் வேறொருவரைக் கூப்பிட்டு என்னைக் கவனிக்கச் சொல்வாள். மில்காரனை அடுத்த வருடமே எரித்துவிட்டார்கள்.

நான் இரண்டு முறை வீடு மாற்றிவிட்டேன். பயனில்லை. ஒவ்வொரு ஆகஸ்டு பதினாறும், ஊர் தூங்கும் நேரத்தில், மணி சரியாக மூன்று நாற்பதுக்கு என் வீட்டுக் கதவில் சத்தம் கேட்கிறது. திறந்தால் தெருவில் யாரும் இருப்பதில்லை. வெயில் மட்டும்தான். கதவின் கைப்பிடி ஈரமாக இருக்கும்.

ஒரே ஒரு தட்டு.

அப்படியென்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் இப்போது தெரியும்.