கழுவிய கட்டுச்சோறு

உப்பைக் கனவில் பார்த்தவர்கள் வேறு யாரும் உண்டா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்திருக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், இரண்டாவது முறை உண்டாகியிருந்தபோது, பகல் தூக்கத்தில் அந்தக் கனவு அடிக்கடி வரும். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை முழுவதும் கல்லுப்பாகியிருக்கும். நான் அதன் அடிவாரத்தில் நின்று மெதுவாக நக்கிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் சில மாடுகளும் நின்று நக்கும். அவசரமே இருக்காது. மாடுகள் என்னைத் தொந்தரவு செய்ததில்லை, நானும் அவற்றைத் தொந்தரவு செய்ததில்லை.

விழித்ததும் முதலில் கண்ணில் படுவது என் கால்கள்தான். சோள மூட்டையின் மேல் தூக்கி வைத்திருப்பேன். விரலால் அழுத்தினால் குழி விழும், அது எழும்பி வர வெகுநேரம் பிடிக்கும். முதல் பிள்ளைக்கும் இப்படித்தான் வீங்கியது. அப்போது தைப்பூசத்துக்கு நெய்க்காரப்பட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போனவள், அசதியாக இருக்கிறதென்று அங்கேயே தங்கிவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது உலக வழக்கம்தானே என்றார்கள். ஏழாம் மாதக் கட்டுச்சோற்றுச் சடங்குக்கு நாள் பார்ப்பதற்குள் குறைப்பிரசவம் ஆகிவிட்டது. ஆண் குழந்தை. அது அழவே இல்லை.

அதனால் இந்த முறை மெட்டி இறுகத் தொடங்கியதுமே என் வீட்டுக்காரர் ஜட்கா வண்டி பிடித்து டவுனுக்குள் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். அந்த அம்மா கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, “ரத்தக்கொதிப்பு இருக்கு. சோத்துல உப்புக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் ஆகாது. இனிப்பையும் குறைச்சுக்க. வெளியூர் போகக்கூடாது. வாராவாரம் வந்து காட்டணும்” என்றார்.

“கொஞ்சூண்டு போட்டுக்கலாமுங்களா?” என்று கேட்டேன்.

“பிள்ளை வேணுமா, உப்பு வேணுமா?”



மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. எனக்கென்று சின்னச் சட்டியில் தனியாகச் சமைத்துப் போட்டார், ஆனால் போடும்போதெல்லாம் முணுமுணுப்பார். “ஏத்தா, உப்பில்லாமத் தின்னா வயித்துல இருக்குற பிள்ளைக்கு ரோசம் எங்கிட்டிருந்து வரும்?”

“உங்க மகனுக்கு உப்புப் போட்டுத்தானுங்களே வளத்தீங்க. எத்தனை ரோசம் வந்துச்சுங்க அத்தை?” என்றேன். வந்த சிரிப்பை முந்தானையால் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

உப்பைக் குறைத்தால் காய்கறியின் அசல் ருசி தெரியும் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரிந்தது. கத்தரிக்காயின் அசல் ருசி அப்படியொன்றும் பிரமாதமில்லை. கீரை மட்டும் பரவாயில்லை. ரசம் வெந்நீர். மோர்ச்சோறு வாய்க்குள் போனதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது.

என் வீட்டுக்காரர் முதல் நாளே, “ஒனக்கு இல்லாத உப்பு எனக்கும் வேணாம்” என்று என் சட்டியிலிருந்தே பரிமாறச் சொன்னார். உருகிப்போய்விட்டேன். இப்படி ஒரு மனுசன் யாருக்கு வாய்க்கும் என்று பெருமையாக இருந்தது. ஒரு வாரம் போயிருக்கும். காய்கறி மார்க்கெட்டிலிருந்து மத்தியானம் வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்ததும் நெத்திலிக் கருவாட்டு வாசம் ஆளைத் தூக்கியது.

“மூட்டை தூக்குறவங்க சாப்டாங்க. நான் பக்கத்துல இருந்தேன்” என்றார்.

“பக்கத்துல இருந்தா மீசையிலயா ஒட்டும்?”

அன்று முழுவதும் அவரோடு நான் பேசவில்லை. அவர் ஏமாற்றியது ஒரு பக்கம் இருக்கட்டும். அவரால் தின்ன முடிந்ததே என்ற பொறாமைதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த மாதங்கள் இப்போது நினைத்தாலும் ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் தெரிகின்றன. ஜன்னலுக்கு வெளியே சிறுமலை வெயிலில் கரைந்து நிற்கும். உப்பு வண்டிக்காரர் தெருக்கோடியில் கூவுவது கேட்கும். வண்டி வரும், நிற்கும், போய்விடும், ஆனால் அந்தக் குரல் என் தூக்கத்துக்குள் இன்னும் வந்துகொண்டே இருக்கும். வயிற்றில் கையை வைத்தபடியே தூங்குவேன். உள்ளே ஓர் அசைவு வந்தால் தூக்கம் ஆழமாகும். செத்த நேரம் அசைவில்லை என்றால் திடுக்கிட்டு எழுந்துவிடுவேன். ஒன்று போய்விட்டது, இதுவும் போய்விடக்கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

ஏழாம் மாதம் அம்மா கட்டுச்சோறு கொண்டுவந்தாள். உப்பு விஷயத்தை நான் அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு பயப்படுவாளே என்றுதான். இரவெல்லாம் கண்விழித்து ஆக்கிய புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, எள்ளுச் சோறு, தயிர்ச்சோறு எல்லாவற்றையும் தூக்குப்போசிகளில் வெள்ளைத் துணியால் வாய்கட்டி, சொந்தக்காரப் பெண்களோடு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பிள்ளைத்தாய்ச்சி எல்லாச் சோற்றிலும் முதல் வாய் உண்ண வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அவள் உண்ணாவிட்டால் வயிற்றுப்பிள்ளை ஏங்கிப்போகும் என்பார்கள்.

இலை போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அம்மா புளிச்சோற்றை அள்ளி வைத்தாள். நல்லெண்ணெய் வாசமும் வறுத்த கடலையும். என் வாயில் எச்சில் ஊறியது, கண்ணிலும் ஊறியது. கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

“என்ன கண்ணு, சாப்புடு.”

“உப்பு ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்கம்மா. ரத்தக்கொதிப்பாம்.”

கூடத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். ஒரு வாய்தானே. ஒரு வாயில் என்ன ஆகிவிடும். நல்ல காரியத்தில் இப்படிச் செய்யலாமா. அம்மா என் சேலை ஓரத்தில் தெரிந்த காலைப் பார்த்தாள், சதைக்குள் புதைந்திருந்த மெட்டியைப் பார்த்தாள். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, “ஏனுங்க சம்பந்தி, ஒரு போசில தண்ணி கொண்டாங்க” என்றாள்.

அவளுக்குத்தான் தலைசுற்றுகிறது என்று நினைத்தோம். தண்ணீர் வந்ததும், இலையிலிருந்த புளிச்சோற்றை வழித்து அதற்குள் போட்டு அலசினாள். கடலையும் கருவேப்பிலையும் மேலே மிதந்தன. சோற்றைப் பிழிந்து இலையில் வைத்தாள். விடிய விடியத் தாளித்ததை அவள் கையே கழுவிக்கொண்டிருந்தது.

அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த மாமியார் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இன்னொரு தண்ணில அலசுங்க சம்பந்தி. புளி இன்னும் போகல” என்று அவரே மாற்றுத் தண்ணீர் ஊற்றினார். தயிர்ச்சோற்றைக் கழுவும்போது பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவும் சிரித்துவிட்டாள். கடைசியில் இலை முழுக்கச் சின்னச் சின்னக் குவியலாக வெள்ளைச் சோறு. எது எதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உண்டேன். எலுமிச்சை வாசம் லேசாக இருந்த மாதிரி இருந்தது, என் ஆசையாகவும் இருக்கலாம்.

“சாப்புட்டாச்சுங்க. எல்லாரும் கை வைங்க” என்றாள் அம்மா.

கட்டுச்சோறு முடிந்தால் பெண்ணைக் கையோடு கூட்டிப்போவது வழக்கம். எனக்குப் பயணம் ஆகாது என்பதால் அம்மா காலிப் போசிகளோடு கிளம்பினாள். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போன தடவை நாரத்தங்கா ஊறுகா கேட்டியே கண்ணு. நீ கேக்கக் கேக்க நாந்தானே எடுத்துக் குடுத்தேன்” என்றாள்.

“அதனால இல்லம்மா” என்றேன். அது உண்மையா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அவள் நம்பவில்லை.

மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. சேதி சொல்ல என் வீட்டுக்காரரே நெய்க்காரப்பட்டிக்குப் போனார். அம்மா கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று இலை போட்டாளாம். அவர் முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். குழம்பிலும் உப்பில்லை, தொட்டுக்க வைத்த வெஞ்சனத்திலும் உப்பில்லை.

அப்பாதான் சொல்லியிருக்கிறார். “கட்டுச்சோறு போட்டுட்டு வந்த நாள்ல இருந்து இந்த வீட்டு அடுப்புல உப்பு இல்லீங்க மாப்பிள்ளை. சொன்னாலும் கேக்க மாட்டேங்கறா.”

அம்மா உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாளாம். பிறகு தனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்து உண்டாளாம். பாதியில் நிறுத்தி, மறுபடியும் ஜாடிக்குள் கையை விட்டாளாம்.