சோப்பு உறையை வெட்டியவள்

என் சித்திக்கு அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர் ‘பிளேடு’. வாய்க்காக வைத்தது என்பார் சித்தப்பா. கைக்காக என்பாள் சித்தி. கணினி வராத காலம். முதலாளி பென்சிலில் ஏதோ கிறுக்கித் தருவார். சித்தி அதைப் பார்த்துச் சிவப்பு பிலிமில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பாள். அதை வைத்துத்தான் அச்சுத் தகடு செய்வார்கள். ஊரில் பாதிக் குளியலறைகளில் கிடந்த சோப்பின் உறையில் இருந்த பெயர் அவள் வெட்டியது.

வடிவமைப்பு வரலாற்றுக்கு ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகக் கேள்விப்பட்டு, சித்தியையும் சேர்க்கச் சொல்லி, நான் வேலை பார்க்கும் வெளிநாட்டிலிருந்து எழுதி எழுதிக் கேட்டேன். “பெண்களையும் சேர்க்கிறோம்” என்று பதில் வந்தது. ஊருக்கு வந்து, திறப்பு விழாவுக்கு முந்தைய மாலை சித்தியை அழைத்துப் போனேன். அங்கே எதுவும் பேசிவிட வேண்டாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு மூலை. ‘மறக்கப்பட்ட கைகள்’ என்று தலைப்பு. கீழே சித்தியின் சிரித்த படம். சோப்பு உறை மட்டும் அங்கே இல்லை. அது பெரிய கூடத்தில், முதலாளி பெயரின் கீழ் தொங்கியது. பக்கத்தில் விளக்கம்: ‘கடைசி எழுத்தின் வால் மேல்நோக்கித் திரும்புவது மரபை உடைத்த துணிச்சல்.’

சித்தி சத்தமாகச் சிரித்தாள். “துணிச்சலாவது, மண்ணாவது! பிளேடு வழுக்கிடுச்சு. திரும்ப வெட்ட பிலிம் இல்ல. அன்னிக்கு அவர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன் பாரு!”

கண்காட்சிப் பொறுப்பாளர் நெளிந்தார். “அம்மா, உங்களுக்குத்தான் அங்க தனியா இடம் ஒதுக்கியிருக்கோமே.”

“படிக்கட்டுக்கு அடியிலயா? செருப்பு விடுற இடம் தம்பி அது. திட்டு எனக்கு, துணிச்சல் அவருக்கா?”

“சித்தி, மெதுவா…” என்று கையைப் பிடித்தேன்.

“நீ சும்மா இரு. தூர இருந்து எழுதிக் கேட்டல்ல? கிட்ட வந்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சா?” பொறுப்பாளரிடம் திரும்பினாள். “வழுக்கினதும் என் கைதான், வெட்டினதும் என் கைதான். அவரு பேரு இருந்துட்டுப் போகட்டும், பென்சில் பிடிச்சதுக்கு. அதுக்கு மேல என் பேரு வரணும். இல்லேன்னா அந்த மூலையில இருக்கிற என் மூஞ்சியைக் கழட்டிக் குடுங்க, போயிட்டே இருக்கேன்.”

“போடறதுல ஒண்ணும் இல்லம்மா. சுவர்ல எழுத்து ஒட்டுற ஆளு கிளம்பிட்டாரு. விடிஞ்சா திறப்பு.”

என் பையில் தடித்த கறுப்புப் பேனா இருந்தது. எடுத்துச் சித்தியிடம் நீட்டினேன். பொறுப்பாளர் என்னைத்தான் முறைத்தார்.

“கொஞ்சம் சின்னதா எழுதுங்கம்மா…”

“அவரு பேரு எவ்வளவு பெருசோ, அவ்வளவு.” நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். நான் அது ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

முதல் எழுத்தே முதலாளியின் பெயரைவிடப் பெரிதாக விழுந்தது.