வொயிட் மேட்டரும் ஓர் உள்பாவாடையும்

1. டிடெக்டர் கத்தியது

இடுப்புப் பக்கம் கொண்டுபோனதும், இரும்பைக் கண்டுபிடிக்கிற ஹேண்ட் டிடெக்டர் கத்தியது. மேலே தூக்கினேன், அடங்கியது. கீழே இறக்கினேன், மறுபடியும் கத்தியது.

"காவ்யா, உள்ள இன்னாம்மா வெச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்லக்கா. பாவாடை நாடாதான்."

நாடா கத்துமா? எம்.ஆர்.ஐ. அறையின் கதவுக்கு வெளியே நின்றிருந்தோம். உள்ளே இருக்கிற காந்தத்துக்கு லீவே கிடையாது. நாங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கினாலும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். இரும்போடு உள்ளே போனால் இரும்பு பறக்கும், ஆளும் அடிபடுவார். போன வருஷம் ரிட்டயர் ஆகும்வரை வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டெக்னீஷியனாக இருந்தவள் நான். பேர் நூர்ஜகான். 'இரும்பு எதுவும் இல்லை' என்று சொல்கிற யாரையும் நம்பியதில்லை. கூடப் பிறந்த தம்பியையே இரண்டு தடவை தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன்.

காவ்யாவுக்கு அனோரெக்சியா நெர்வோசா. ஆலங்காயம் பக்கத்துப் பெண், காலேஜில் இரண்டாம் வருஷம். குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில், பசித்தாலும் ஒப்புக்கொள்ளாமல், சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து எலும்பும் தோலுமாக ஆனவள். இதயத் துடிப்பு ரொம்ப இறங்கிப்போய் வார்டில் சேர்த்திருந்தார்கள். அன்று காலை எடை பார்த்ததில் நன்றாக ஏறியிருந்தது. மறுநாள் டிஸ்சார்ஜ். போவதற்கு முன்னால் டாக்டர் ப்ரீத்தியின் ஆராய்ச்சிக்காக மூளையை ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கவுன் மாற்றச் சொன்னபோது, "குளிருதுக்கா, உள்பாவாடை மட்டும் இருக்கட்டும்" என்று கெஞ்சினாள். இந்த நோய் வந்தவர்களுக்குக் குளிர் ஜாஸ்தி. வெறும் காட்டன்தானே என்று விட்டேன். அந்தக் காட்டன்தான் இப்போது கத்திக்கொண்டிருந்தது.

உடை மாற்றும் அறைக்குத் திரும்பக் கூட்டிப்போனேன். பாவாடையின் இடுப்புப் பட்டிக்குள் தட்டை தட்டையாக என்னவோ வரிசையாக இருந்தது. ஒரு முனையில் தையலைப் பிரித்து இழுத்தால், ஷாங்க்! ஷூவின் அடிப்பாகம் துவளாமல் இருக்க உள்ளே வைக்கிற எஃகுப் பட்டை. எங்கள் ஆம்பூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், பார்த்ததும் தெரிந்துவிடும். எடை எப்படி ஏறியது என்பதும் தெரிந்துவிட்டது.

"அக்கா, உங்க கால்ல வேணா உழறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. நாளைக்கு நான் வீட்டுக்குப் போய்டுவேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பயமும்தான்.

"இந்த எடையை நம்பித்தான்டி உன்னை வீட்டுக்கு அனுப்புறாங்க! அங்க போய் உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் தையலைப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேரான மெஷின் தையல். வார்டில் படுத்துக் கிடக்கிற பெண் தைத்தது இல்லை.

2. பெஞ்சில் இருந்த அம்மா

வெளியே பெஞ்சில் காவ்யாவின் அம்மா விஜயா உட்கார்ந்திருந்தார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷன். ஷாங்க்கை அவர் கையில் வைத்தேன். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நான்தான் மேடம் தெச்சேன். இன்னா பண்ணச் சொல்றீங்க? தெனமும் அழுவுது. வீட்டுக்கு இட்டுனு போனா சாப்புடுறேன்னு என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணுச்சு. இதெல்லாம் ஒரு நோவா மேடம்? திமிரு! ரெண்டு நாள் நம்ம வீட்டு சோறு தின்னா சரியாய்டும்."

"ஏம்மா, வார்டுல ஹார்ட் மானிட்டரைக் கழட்டிட்டாங்களே, எதுக்குன்னு தெரியுமா?"

"நல்லாய்ட்டான்னு கழட்டுனாங்க."

"இந்த இரும்பை எடை போட்டுட்டுக் கழட்டுனாங்க."

விஜயாவின் முகம் வெளிறிப்போனது. செருப்பைக்கூட மாட்டாமல் வார்டுப் பக்கம் ஓடினார். டாக்டரிடம் அவரே வாயைத் திறந்து சொன்னார். மானிட்டர் திரும்ப வந்தது, டிஸ்சார்ஜ் நின்றது. காவ்யா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை.

3. தண்ணீர் ஓடும் வழி

சில நாள் கழித்து, சம்மதம்தான் என்று அவளே சொல்லி ஸ்கேனுக்கு வந்தாள். எடுத்து முடித்ததும் கண்ட்ரோல் ரூமில் நின்று திரையை உற்றுப் பார்த்தாள்.

"நான் பொய் சொன்னது இதுல தெரியுமாக்கா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அதில் என்னதான் தெரியும் என்ற அரிப்பு எனக்கும் இருந்தது. டாக்டர் ப்ரீத்தி வந்ததும், ஆராய்ச்சியில் எதைத் தேடுகிறீர்கள் என்று பிடித்துக்கொண்டேன்.

"வொயிட் மேட்டர்ங்கறது மூளையில ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் சேர்க்கற ஒயர் மாதிரி மேடம். அதுக்குள்ள தண்ணி எந்தப் பக்கம் நகருதுன்னு இந்த ஸ்கேன் பாக்குது. நோய் வந்தவங்க நிறைய பேரை, வராதவங்க நிறைய பேரோட ஒப்பிட்டா, சில இடத்துல வித்தியாசம் இருக்கு. ஆனா எல்லா ஆராய்ச்சியும் ஒரே இடத்தைக் காட்டல."

"நோவுனால வித்தியாசமா, வித்தியாசத்தால நோவா?" என்றேன்.

"அதுதான் எங்களுக்கும் தெரியல. பட்டினியால வந்ததாகூட இருக்கலாம். எடை தேறினப்புறம் மறுபடி எடுத்தாத்தான் ஏதாவது புரியும்."

"என் ஒயரு எப்படி இருக்கு டாக்டர்?" என்றாள் காவ்யா.

"ஒருத்தர் படத்தை மட்டும் வெச்சு சொல்ல முடியாதும்மா."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த விஜயா தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ, திமிரு இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா. நோய். திமிர்னு சொல்லிச் சொல்லித்தான் எல்லாரும் லேட்டா இட்டுனு வர்றாங்க."

விஜயா உள்ளே வந்தார். மகள் தோளில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திவிட்டார். காவ்யா அதைத் தட்டிவிடவில்லை.

இந்த வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இரும்பை வாங்கி வெளியே வைத்ததோடு நம் வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். அது ஏன் உள்ளே வந்தது என்றும் கேளுங்கள்.

பல மாதம் கழித்து, நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், இரண்டாவது ஸ்கேனுக்கு வந்தாள். கன்னத்தில் லேசாகச் சதை. முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் அம்மாவோடு இன்னும் பேஜார்தானாம். டேபிளில் படுக்கவைத்துத் தலையைச் சுற்றி, படம் பிடிக்கிற 'காயில்' கூண்டை மாட்டினேன்.

"எவ்ளோ நேரம் ஆவும்க்கா?"

"ஆடாம அசையாம இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும். ஏன், பஸ்ஸுக்கு லேட்டாவுதா?"

"இல்லக்கா. பசிக்குது."

அந்த டேபிளில் படுத்துக்கொண்டு எத்தனையோ பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கம்முனு படு என்று அதட்டுவதுதான் என் வழக்கம். அன்று அதட்டவில்லை; காவ்யா வாயால் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. முதலில் வெளியே ஓடிப்போய் விஜயாவிடம் சொன்னேன். அப்புறம்தான் ஸ்கேனை ஆரம்பித்தேன்.