சத்தியபாய் டீச்சரின் இரண்டாவது வாழ்க்கைக் குறிப்பு

பூதப்பாண்டிப் பக்கத்துச் சபையில் யார் இறந்தாலும் வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிற பொறுப்பு இருபது வருஷமாகச் சத்தியபாய் டீச்சருடையது. அடக்க ஆராதனையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே அதை வாசிப்பார்கள். அரைப் பக்கம்தான், நீண்டால் பெட்டி சுமக்க வந்தவர்கள் கடிகாரம் பார்ப்பார்கள். வேலித் தகராறிலேயே ஆயுளைக் கழித்தவரும் டீச்சரின் கையில் சமாதானப் பிரியராகிவிடுவார். கேட்டு எல்லோரும் அழுவார்கள், தகராறு செய்த எதிர்வீட்டுக்காரர் உட்பட.

கண்ணில் புரை விழுந்ததும் டீச்சர் அந்த வேலையைச் சபைச் செயலர் ஷிபுவிடம் ஒப்படைத்தார். அவன் எழுதிய முதல் குறிப்பு செல்வதாஸுக்கு. கேட்டுக்கொண்டிருந்த டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் நேசம்மாளுக்கு வாசித்த அதே வாக்கியங்கள். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டார். ஷிபு மரியாதையாகவே பதில் சொன்னான்: "டீச்சர் எழுதினதுதான். பேர மட்டும் மாத்தினேன்."

அப்படியானால் நாளை தன் பெட்டிக்கு முன்னாலும் இதுதான். ஊருக்கெல்லாம் தைத்துப் போட்ட சட்டை தனக்கும் அளவாக இருக்கும் என்பது டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அறுவை முடிந்து கண் தெளிந்த வாரமே தன் குறிப்பைத் தானே எழுத உட்கார்ந்தார். சிரமமே இல்லை, காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

பக்கத்து வீட்டு ஓமனா, தோவாளைச் சந்தைக்குப் பிச்சிப்பூ கொடுக்கிறவள், அந்த நேரம் வந்தாள். டீச்சர் அவளுக்கு வாசித்துக் காட்டினார். தன் பெயரைத் தானே வாசிக்கக் கூச்சமாக இருந்ததால் அதை விட்டுவிட்டார். அன்னார் அன்பும் அடக்கமும் நிறைந்தவர்; திருமணத்தை நாடாமல் கல்விப் பணிக்கே தம்மை அர்ப்பணித்தவர்.

ஓமனா பயபக்தியோடு கேட்டாள். "பாவம், நல்ல ஆளாட்டு இருந்திருக்கு. எப்ப மரிச்சாவ?"

"ஏட்டி, அது நாந்தான்."

ஓமனா சிரித்திருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். அவள் சிரிக்கவில்லை. "கல்யாணம் வேண்டாம்ணு வச்சது பள்ளிக்கூடத்துக்காவண்ணு போட்டிருக்கியளே, உள்ளதா? முப்பது வருசமா கேக்கணும்ணு இருக்கேன்."

உள்ளதுதான் என்று சொல்வதற்குப் பதில் டீச்சர் தாளை மடித்து வைத்தார். அவள் போனதும் புதுத் தாள் எடுத்து, 'நான்' என்று தொடங்கினார். 'அன்னார்' எதையும் அர்ப்பணிக்கலாம். 'நான்' என்றால் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

இளவயதில் மார்த்தாண்டத்திலிருந்து பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வேலையை விடச் சொன்னார். முடியாது என்றார் டீச்சர். வீட்டில் எல்லோரும் அழ, பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய் ஒரு ஓட்டலில் தனியாக ரசவடை தின்றார். வாய்க்காமல் போன வாழ்க்கை என்றே இத்தனை வருஷமும் அதை நினைத்துப் பழகியிருந்தார். அந்த ஓட்டலில் மனசு எப்படி இருந்தது என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. யோசித்துப் பார்த்தால் அழுத ஞாபகம் இல்லை. இன்னொரு வடை கேட்டு வாங்கின ஞாபகம்தான் இருந்தது. சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதினார். சபையில் வாசிக்கத் தகாது என்று அடித்தார். பிறகு அதையே மறுபடியும், கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினார்.

விஷயம் கேள்விப்பட்ட ஷிபு, கோப்பில் வைத்துக்கொள்ள ஒரு பிரதி கேட்டு வந்தான்.

"அம்பது பக்கம் ஆச்சு மக்கா. அதுல எனக்கு இப்பத்தான் இருபத்தாறு வயசு."

"அப்பம் அன்னைக்கு என்னத்த வாசிக்க டீச்சர்?"

"உன் கையில இருக்கில்லா, அதையே பேர மாத்தி வாசி. இது எனக்கு."